இரண்டு டம்ளர் தண்ணீர்

எனக்கு அந்த வயதில் சாமி நம்பிக்கைகூடக் கொஞ்சம் ஆட்டம்தான். ஆடாமல் நின்ற நம்பிக்கை ஒன்றே ஒன்று: நான் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஓடாது. அதை நம்பித்தான் சமைத்தேன், சண்டை போட்டேன், அம்மா வீட்டுக்குப் போனால் மூன்றாம் நாளே பஸ் ஏறினேன். இப்படி ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறேன் என்பதே அந்த மத்தியானம்வரை எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்த புதிது. அவருக்கு மைன்ஸில் நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அடுப்படிக்குப் போய்விடலாம், யார் வீட்டு அடுப்படிக்கு என்பதுதான் கேள்வி.

அன்று அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பும்போது தெருவில் ஈ காக்கை இல்லை. கதவைத் தள்ளி உள்ளே போய், அடுப்படி ஆணியில் பையை மாட்டினேன். ஆணி இருந்தது.

அறைக்குள்ளிருந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் கேட்டார்: “எங்க சுத்திகினு இருந்த? தண்ணி குடு.”

திருநெல்வேலிக்காரருக்கு இந்த ஊர்ப் பேச்சு அதற்குள் ஒட்டிக்கொண்டதா என்று எரிச்சல்தான் வந்தது. தூக்கக் கலக்கத்தில் எல்லா ஆண் குரலும் ஒன்றுதான். பானையும் டம்ளரும் கை நீட்டிய இடத்தில் இருந்தன. மொண்டு கொடுத்தேன். திரும்பாமலே வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். எங்கள் முருகன் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஏசுநாதர் படம்.

டம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அந்த மனிதர் நிம்மதியாக மறுபடி தூங்கிப்போனார். அந்த நிம்மதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.

எங்கள் வீடு அடுத்த தெருவில். உள்ளே நுழைந்ததும் முதலில் முருகனைப் பார்த்தேன். பிறகு அவரை. அவரும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். என் வீட்டுக்காரர் கையில் என் கையால் ஏதாவது கொடுத்தால்தான் படபடப்பு அடங்கும்போல் இருந்தது. தண்ணீர் மொண்டு போனேன்.

“இந்தாங்க, தண்ணி.”

“இப்பதானே குடுத்துட்டுப் போன? மறுபடியும் எதுக்கு?” என்றார், திரும்பாமலே.

கட்டிலுக்குக் கீழே ஒரு டம்ளர் இருந்தது. எங்கள் டம்ளர்தான். நான் போகும்போது அது அலமாரியில் இருந்தது. குனிந்து தொட்டேன், உள்ளே ஈரம்.

“யாரு குடுத்தா?”

“நீதான். வேற யாரு?”

கனவாக இருக்கும், தானே எழுந்து குடித்திருப்பார் என்று ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஓடாது என்று அதன்பிறகு எந்தச் சண்டையிலும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஏசுநாதர் படத்து வீட்டுக்காரி அந்த நேரத்தில் எங்கே போயிருந்தாள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவும் இல்லை.