டிப்ஸ் வைக்காத பையன்

ஹோட்டலில் அவரை எல்லோரும் 'நாலாம் மேசை' என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மேசையில் பரிமாறத் தொடங்கியவர், தலை நரைத்த பிறகும் அங்கேதான் நிற்கிறார். சம்பளம் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாகப் போய்விடும். மகளைப் படிக்க வைத்தது, மனைவிக்குக் கண் ஆபரேஷன் செய்தது எல்லாம் பில் தட்டில் மிஞ்சிய சில்லறையில்தான். கொடுக்கிறவன் ஆண்டவன், மனிதர்கள் வெறும் கை என்று நம்பி வாழ்ந்த மனிதர். ஆனாலும் நாளாக நாளாக ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். வைக்கிறவன் நல்லவன், வைக்காதவன் கல்நெஞ்சன். நாள் முழுக்க நின்று கால் கடுக்கிறவருக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு ஏது?

அவர் மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. சலூனில் முடி வெட்டுகிறவன். போட்டோவை அம்மாவிடம் காட்டினாள், அம்மா அப்பாவிடம் காட்டினாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே ஒரு மதியம், கூட்டம் நெரிகிற நேரத்தில், அந்தப் பையன் வந்து நாலாவது மேசையில் உட்கார்ந்தான். போட்டோவில் பார்த்த அதே முகம். இவர் காட்டிக்கொள்ளவில்லை, அவனும் தான் யாரென்று சொல்லவில்லை. வேண்டியதை மெல்லிய குரலில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தண்ணீர் ஊற்றப் போனால் டம்ளரை நகர்த்தி வைத்தான். 'பரவாயில்லையே' என்று இவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பில்லுக்குப் பணம் கொடுத்தான். மீதிச் சில்லறையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். அவன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான். பிறகு ஒரு காசு விடாமல் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, "வர்றேங்க" என்று தலையைக் குனிந்தபடியே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "அந்தப் பையன் வேண்டாம்."

"ஏன், குடிக்கிறானா?" என்றாள் மனைவி.

"கஞ்சன். நம்ம மேசையிலதான் சாப்பிட்டான். ஒத்தைக் காசு வைக்கல."

"நல்லா இருக்கு நியாயம்! எங்கப்பா இப்படிப் பார்த்திருந்தா நீங்க இன்னும் பிரம்மச்சாரிதான்."

மகள் உள்ளேயிருந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. "வைக்கத்தான்பா நெனச்சாராம். உங்க முகத்தைப் பார்த்ததும் மனசு வரலியாம். நாளைக்கு மாமான்னு கூப்பிடப் போறவருக்கு எப்படிச் சில்லறை வைக்கிறதுன்னு கேக்குறாரு."

"அங்க நான் என்ன மாமாவா? சர்வர்மா நான். யாருக்குப் பரிமாறினாலும் உழைப்பு உழைப்புதானே?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வேண்டாம்னா வேண்டாம்பா. ஆனா ஒரே ஒரு தடவை அவரு வேலை செய்ற கடையில போய் உக்காந்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

விடுமுறை நாளில், அலுப்போடு அலுப்பாகப் போனார். பையன் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தான். முடியை வெட்டிவிட்டு, கேட்காமலே கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்டான். தன்னை உட்கார வைத்து இன்னொருவர் நின்று வேலை செய்து எத்தனை காலம் ஆயிற்று! அப்படியே கண் அசந்துவிட்டார். விழித்தபோது கண்ணாடியில் பையன் தெரிந்தான். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தான்.

கடை முதலாளியிடம் பணத்தைக் கட்டினார். முடி வெட்டினவர் கையில் தனியாக ஏதாவது கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். பக்கத்து நாற்காலிக்காரர் அப்படித்தான் திணித்துவிட்டுப் போனார். இவர் கையும் தானாகப் பைக்குள் போய் ஒரு நோட்டைப் பிடித்தது. பையன் துணியை உதறிக்கொண்டிருந்தான். நீட்டினால் என்ன செய்வான்? குனிந்து வாங்கி, யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல "நன்றிங்க" என்பான். அதை இவர் எந்தக் காதால் கேட்பது? எத்தனையோ பேரிடம் வாங்கின கைதான். கொடுக்க வரமாட்டேன் என்றது. நோட்டை விட்டுவிட்டு வெறும் கையை வெளியே எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க தம்பி" என்றார்.

பையன் வேகமாகத் தலையை ஆட்டினான்.

வாசலைத் தாண்டும்போது பின்னால் முதலாளியின் முணுமுணுப்பு காதில் விழுந்தது. "வாய் மட்டும் தம்பி தம்பிங்குது. கையில ஒண்ணையும் காணோம்."

திரும்பிப் பதில் சொல்லலாம் என்று ஒரு கணம் நின்றார். ஆனால் தன் மேசையில் ஒன்றும் வைக்காமல் எழுந்து போனவர்களில் எத்தனை பேருக்கு என்னென்ன காரணம் இருந்ததோ? அவர்களை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நாளைக்கும் அதே மேசை, அதே நிற்புதான். பெருமூச்சு விட்டு, "ஆண்டவனே" என்றபடி படியிறங்கினார்.