படிக்காவிட்டால் எவ்வளவு வரி?

போன வெள்ளிக்கிழமை எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டில் ஒரு கேள்வி கேட்டேன். கிடைத்தது பதில் அல்ல... முறைப்பு.

சிவா அண்ணை பிள்ளைகளுக்கான கல்விச் சேமிப்புத் திட்டம் விற்பவர். நல்ல நேரம் பார்த்து, பக்கத்து ஊரான விட்பியிலிருந்து ஃபோர்மோடு வந்திருந்தார். எங்கள் மகள் காவ்யாவுக்கு நான்கு வயது. மாதம் ஐம்பது டொலர் போட்டால் மேற்படிப்புக்கு உதவுமாம். நாங்கள் போடும் ஒவ்வொரு டொலருக்கும் அரசாங்கம் இருபது சதம் போடுமாம்.

“எடுக்கேக்க வரி இருக்கோ, அண்ணை?”

“நீங்கள் போட்ட காசுக்கு இல்லை, தங்கச்சி. அது வரி கட்டின காசுதானே. வட்டியும் அரசாங்கம் போட்டதும் பிள்ளையின்ர வருமானமா வரும். படிக்கிற பிள்ளைக்கு என்ன பெரிய வருமானம்? வரி சைபர் எண்டே வையுங்கோ.”

“பிள்ளை படிக்காட்டி?”

பேனா நின்றது.

“இஞ்சேரும், நல்ல காரியம் செய்யேக்க உதென்ன வாய்?” என்றார் கணவர்.

“எங்கட பிள்ளையள் படிக்காமல் விடுவினமே?” சிவா அண்ணை சிரித்தபடி காவ்யாவைக் கூப்பிட்டார். “பெரிசா வந்து என்ன செய்யப் போறியள்? டொக்டரோ?”

“பஸ் டிரைவர்,” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பிறகு வாங்கோ, அண்ணை” என்று அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், வேலையிடத்திலிருந்து வரி அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாக விளக்கினார். பிள்ளை படிக்காவிட்டால் அரசாங்கம் போட்டது அரசாங்கத்துக்கே திரும்பிப் போகும். சரி, நியாயம். வட்டியை நாங்கள் எடுத்தால் எங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரி. அதுவும் சரி. அதற்கு மேலே இன்னும் இருபது வீதம்!

அது எதற்கு? இத்தனை வருடம் வரியைத் தள்ளிப்போட்ட சலுகைக்கு ஈடாம். ஓய்வூதியச் சேமிப்புக்கு மாற்றித் தப்பலாமாம் – அங்கே போடக்கூடிய வரம்பில் இடம் மிச்சம் இருந்தால். போட இருபது, பறிக்க இருபது. பஸ் ஓட்ட ஆசைப்பட்ட பிள்ளையின் தாய்க்கு அபராதமா?

அரசாங்கமாவது கேட்டதும் சொன்னது. நாங்கள்? எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இந்த ஃபோர்மில் கையெழுத்து வைத்திருக்கிறோம்! ஒருவர்கூடவா கேட்கவில்லை? கேட்டால் பலித்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில்தான் விற்பவரும் அதைச் சொல்லும் பக்கத்தைப் புரட்டித் தள்ளிக்கொண்டு போகிறார். எனக்கு மட்டும் பயமில்லையா? அன்று கேட்டுவிட்டு, சாமிப்படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டவள்தான் நான். கேட்டது பிழையோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

நேற்று சிவா அண்ணை திரும்ப வந்தார். ஃபோர்மின் எங்கள் பிரதியைத் திருப்பி, பின்பக்கத்தை அவரிடம் நீட்டினேன்.

“படிக்காட்டி என்ன வரி எண்டு உங்கட கையால எழுதுங்கோ. பிறகு நான் கையெழுத்து வைக்கிறன்.”

“உங்களை மாதிரி ஒருத்தரும் என்னை வதைக்கேல்லை, தங்கச்சி.”

ஆனால் எழுதினார் – சரியாகவே எழுதினார். அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது! நானும் கையெழுத்து வைத்தேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன். நான் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, கடைசியில், யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்திருந்தார்: “ஆனால் பிள்ளை கட்டாயம் படிப்பா.”

படிக்கட்டும். படிக்காமல் பஸ் ஓட்டினாலும் அந்த இருபது வீதத்தைக் கட்டிவிட்டு, முன் சீட்டில் நான்தான் இருப்பேன்.