வெயில் குறைச்சல்

புங்குடுதீவில் இருந்துகொண்டு ஒருத்திக்கு வெயில் போதவில்லை என்றால் எவர்தான் சிரிக்கமாட்டார்? பட்டணத்துக் கிளினிக்கில் என் அக்காவுக்கு டொக்டர் அதைத்தான் சொன்னார். திரும்பி வருகையில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி, "கடலுக்கை நிண்டுகொண்டு உப்புக்கு அலையிற கதையாக் கிடக்கு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

அக்கா கறுப்பு. "வெயிலிலை திரியாதை, இன்னும் கறுத்தால் ஆர் கட்டுவான்?" என்று சொல்லிச் சொல்லியே குடையும் முழுக்கைச் சட்டையுமாக வளர்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள். கல்யாணம்தான் வரவில்லை. குடை மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டது. அறுபது தாண்டியும் கிணற்றடிக்குக் குடையோடுதான் போவாள். சலரோகம் வந்து, இரத்தத்தில் சீனி ஏறி, கால்களும் மரத்துப் போயிருந்தன.

டொக்டர் விளக்கமாகத்தான் சொன்னார், அவரில் பிழை இல்லை. "அம்மா, உங்கடை உடம்பு இன்சுலினின்ரை சொல்லுக் கேக்குதில்லை. உள்ளுக்கை ஒரு அழற்சி மெல்லமாப் புகைஞ்சுகொண்டிருக்கு, அதுவும் ஒரு காரணம். விற்றமின் டியும் நல்லாக் குறைவு. கிழமைக்கு ஒரு குளிசை போடுங்கோ, காலமை கொஞ்சம் வெயிலும் படட்டும். சலரோகத்துக்கு அது எவ்வளவு உதவுமெண்டு உறுதியாச் சொல்லேலாது. பழைய குளிசையளை விட்டிடாதேங்கோ. செருப்பில்லாமல் நடக்கவும் கூடாது."

இத்தனையிலும் அக்காவின் காதில் தங்கியது ஒன்றுதான். "எனக்குச் சலரோகமில்லையடி, வெயில் குறைச்சல்தான்." பழைய குளிசைகளை நான் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன். வெயிலை அப்படி அளந்து கொடுக்க முடியுமா?

அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள்: வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிய, குடையில்லாமல் கோயில் வெளிவீதி சுற்றுவது.

"காலமை வெயில் எண்டெல்லே டொக்டர் சொன்னவர்?"

"காலமை வெயில் பிஞ்சு. உச்சி வெயிலிலைதான் சத்து."

"செருப்பு?"

"கோயில் வீதியிலை செருப்போ? உனக்கென்ன விசரே?"

முந்தி அந்த வீதி மணல். கனடாவில் இருக்கிற எங்கள் அண்ணையும் ஆட்களும் காசு சேர்த்துக் கல் பதித்துவிட்டார்கள். பார்க்க அழகு, மத்தியானத்தில் தோசைக்கல். நான் வீட்டில் சமையலோடு நிற்பேன். பிறகு ஊரார் சொல்லக் கேட்டதுதான்: மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓட, அக்கா மட்டும் ஆறுதலாக நடப்பாளாம். "அம்மன் இவவின்ரை காலைத் தன்ரை கையிலை ஏந்துறா" என்று கும்பிட்டார்களாம்.

ஒரு வெள்ளி, வாசலில் இருந்து குசினி வரைக்கும் சீமெந்து நிலத்தில் ஈரச் சுவடு.

"கால் கழுவினால் துடைச்சுப்போட்டு வரமாட்டியே?" என்று கத்தினேன்.

"நான் இன்னும் கழுவேல்லையடி."

கதிரையில் இருத்திக் காலைத் திருப்பினேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், உடைந்து தோல் தொங்கியது. நோகவில்லையா என்று கேட்டேன். "இல்லையே" என்றாள், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி.

புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் கால் விரல்களை எடுத்தார்கள். போனில் அண்ணை, "எங்கடை கல்லிலையோ?" என்று கேட்டார். பிறகு, "வெள்ளைப் பெயின்ற் அடிச்சால் கல்லுச் சுடாது, நான் சொல்லிவிடுறன்" என்றார். கல்லுக்கு வைத்தியம் உடனே கிடைத்தது.

போன மாதம் கிளினிக்குக்கு மீண்டும் போனோம். இரத்தத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் தலையாட்டினார். "விற்றமின் டி நல்லா ஏறியிருக்கு. சீனிதான் இறங்கேல்லை. புண் ஆறாதவரைக்கும் அதை இறக்கிறது கஷ்டம்."

வெளியே நல்ல வெயில். பஸ் நிலையம் வரைக்கும் ஊன்றுகோலோடு நடக்கவேண்டும். நான் குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்தேன். அக்கா நின்றாள்.

"அதை மடக்கடி. இனி ஆர் என்னைப் பொம்பிளை பாக்க வரப்போறான்?"

மடக்கினேன்.