என் மகளுக்கு நான் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடி

"அப்பா, கண்ணுக்குள்ள மண்ணு கெடக்கு" என்று ஏழு வயது முத்துமாரி சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டயபுரம் பக்கம் ஒரு கோயில் கொடையில் (ஊர்க் கோயில் திருவிழா) கடை போட்டிருந்தேன். பங்குனி வெயிலும் கரிசல் புழுதியும் சேர்ந்து அடித்தால் யார் கண்ணிலும்தான் மண் விழும். கண்ணைக் கழுவிவிட்டு, கடையில் தொங்கிய கறுப்புக் கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன்.

சும்மா எடுக்கவில்லை, பார்த்துத்தான் எடுத்தேன். கொடைக்குக் கொடை பொம்மையும் கண்ணாடியும் விற்கும் எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடிப்போம். சூரியன் நிலா மாதிரித் தெரிந்தால் சரக்கு உசத்தி. (நீங்கள் செய்து பார்த்துவிடாதீர்கள், கண் கெட்டுவிடும்.) வாங்க வருகிறவர்களுக்கும் இதையே செய்துகாட்டி விற்றவன் நான். மகளுக்கு எடுத்தது இருந்ததிலேயே அதிகக் கறுப்பு.

அது தந்த தைரியத்தில் கொடை நடந்த மூன்று நாளும் அவளை உச்சிவெயிலில் ஓடியாட விட்டேன். கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுக் கசக்கிக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் காலையில் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. என் மனைவி செல்லம் அவளைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ்ஸுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கண் மருத்துவர் இமையைப் புரட்டிப் பார்த்தார். வெர்னல் (வெயில் காலத்தில் குழந்தைகளுக்குக் கூடும் ஒவ்வாமைக் கண்நோய்) என்றார். இமையின் உள்பக்கம் தடித்திருந்த பருக்கள் கசக்கும்போது உரசி, கருவிழியில் (கண்ணின் முன்புறம் இருக்கும் தெளிந்த படலம்) புண் வந்திருந்தது. ஆறும்போது நடுவில் தழும்பு விழுந்தால் அந்தக் கண்ணின் பார்வை மங்கிவிடும் என்றார்.

கண்ணாடியை நீட்டினேன். "நல்ல கறுப்பு டாக்டர். நம்ம கடைச் சரக்குதான்."

அவர் அதை, புற ஊதாக் கதிரை அளக்கும் ஒரு சின்னக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"அண்ணாச்சி, கறுப்பு வேற, தடுப்பு வேற. கறுப்புக் கண்ணாடி போட்டா இருட்டுன்னு நெனச்சு, கண்ணு நடுவுல இருக்க கண்மணி விரியும். கண்ணாடியில தடுப்பு இல்லேன்னா புற ஊதாக் கதிர் கூடுதலாத்தான் உள்ள போகும். புண்ணு இதனால வரல, கசக்குனதால வந்தது. ஆனா இத நம்பித்தான பிள்ளைய வெயில்ல விட்டீய?"

செல்லம்தான் பேசினாள். "செய்ய வேண்டியதச் சொல்லுங்க சார். நாங்க செய்யுதோம்."

அன்றிலிருந்து வீட்டில் அவள் ராஜ்ஜியம். சொட்டு மருந்துக்கு மணி தப்பாது. ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து; அதிக நாள் போட்டால் கண்ணையே கெடுக்கும்) டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது. கை கண்ணுக்குப் போனால் குளிர்ந்த ஈரத்துணி. புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. நடுவைத் தொடாமல், ஓரத்தில் மெலிதாக ஒரு தழும்பு நின்றது.

பிறகு கண்ணாடி வாங்கப் போனோம். அதிலும் நான் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு அளவு பெரிதாக எடுத்தேன்.

"கண்ணாடி என்ன பள்ளிக்கூடப் பாவாடையா, மடிச்சுத் தைக்க?" என்றாள் செல்லம். மூக்கில் வழுகாமல், பக்கவாட்டிலும் வெயில் நுழையாமல் முகத்தை ஒட்டி நிற்பதையே எடுத்தோம். உடையாத பிளாஸ்டிக் வில்லை. நிறம் இளஞ்சாம்பல்தான். ஒன்றுமே தடுக்காதது போலிருந்தது. யுவி 400 (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று பொருள்) என்று ஒட்டியிருந்த சீட்டை நான் நம்பவில்லை. நானும் சீட்டு ஒட்டி விற்றவன்தானே. கருவியில் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வாங்கினேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். அதோடு அகலமான தொப்பியும் வேண்டும். உச்சிவெயிலில் இரண்டும் இருந்தாலும் நிழல்தான் நல்லது.

பள்ளியில் மெட்ராஸ் ஐ என்று பயந்து பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். செல்லம் மருத்துவச் சீட்டோடு போய் வகுப்பில் நின்று விளக்கினாள். கடையில் நானும் சொல்ல ஆரம்பித்தேன்: "விளையாட்டுக்கு மட்டும். வெயிலுக்கு ஆகாது." பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, சொந்தச் சரக்கையே கொற சொல்லுதீய?" சிரிக்கட்டும். அடுத்த கொடைக்குக் கண்ணாடிச் சரக்கே நான் எடுக்கவில்லை.

இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் அடங்கிவிடும் என்கிறார் மருத்துவர். அதுவரை வருடா வருடம் வெயில் வரும். கொடைகளை வைத்து வருடத்தை எண்ணிய நான் இப்போது மாசியிலேயே அவள் கண்ணைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். தினமும் காலையில் வாசற்படியில் அவளை நிறுத்தி, இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடுகிறேன். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை வலது கண்ணால் வாசிக்க வேண்டும். தேதி, கிழமை, ராகு காலம் என்று இறங்கி, அடியில் இருக்கும் பொடி எழுத்துக்கு வரும்போது அவள் கொஞ்சம் நிறுத்துவாள். என் உள்ளங்கையில் அவள் இமைமுடி படபடக்கும். அந்தக் கடைசி வரியை அவள் வாசித்து முடிக்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.