டேங்க் அடியில் வளர்ந்த வசம்பு

என் அப்பா துரை டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் வண்டி. ஓட்டியதைவிட எண்ணூர் சாலை வரிசையில் நின்றதுதான் அதிகம். முழங்கால் தேய்ந்ததும் வேலையை விட்டார். கொருக்குப்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருடம் இருந்தார். பிறகு வசம்பு வளர்த்தார்.

பழைய கூட்டாளிகளைப் பார்க்க ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போனபோது அலுவலக வாசல் தொட்டியில் அதைப் பார்த்திருக்கிறார். புல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு இலையிலும் பாதி பச்சை, பாதி வெண்ணெய் நிறம். அழகுக்கு வளர்க்கும் வகை. தோட்டக்காரர் ஒடித்துக் கொடுத்த கிழங்கை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார்.

நட்ட இடம் தெருத் தண்ணீர் டேங்க்கின் அடி. குழாய் எப்போதும் சொட்டும். குடம் கழுவுவதும் அங்கேதான். அதுவரை அது சேறும் பிளாஸ்டிக் கவருமாகக் கிடந்தது. கிழங்கைப் படுக்கவைத்து, முதுகு லேசாகத் தெரியும்படி மண் அணைத்தார். மழைக்காலம் முடிந்ததும் கொத்தைப் பிரித்து ஒரு சாண் தள்ளித் தள்ளி நட்டார். தண்ணீர் லாரி வராத நாட்களில் இலை நுனி கருகும். அப்போது வீட்டுக் குடத்திலிருந்து ஊற்றுவார். அம்மா உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். இரண்டே வருடத்தில் டேங்க்கைச் சுற்றி அடர்ந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பூவம்மா தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் சீண்டுவார்.

"இன்னா துரைண்ணே, கலீஜா கெடந்த எடத்த பார்க்காக்கிட்ட. டிக்கெட் போடுவியா?"

"ஒனக்கு மட்டும் டபுள் டிக்கெட்டு. நீதான் கொடத்த வெச்சி நசுக்குற."

பூவம்மாவின் மகள் மதி கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து உண்டானாள். தெருவே கொண்டாடியது. "கொயந்த பொறக்கட்டும், மொத கெழங்கு ஒனக்குத்தான்" என்று அப்பா பூவம்மாவிடம் சொல்லிவிட்டார். வசம்பைத் துண்டு போட்டுக் கோத்துப் பிறந்த குழந்தையின் கையில் கட்டுவது வழக்கம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் வண்டு அரித்தது. தெருவிலேயே விளைந்தது என்றால் பூவம்மாவுக்குப் பெருமைதானே.

பெண் குழந்தை பிறந்தது. கிழங்கு எடுக்கத் தோண்டியபோது மண்ணோடு கறுப்புச் சில்லுகள் வந்தன. பழைய பேட்டரிப் பெட்டியின் ஓடு. அங்கே ஒரு காலத்தில் பேட்டரி உடைக்கும் கொட்டகை இருந்தது அப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எனக்கு போன் செய்தார்.

"குழலி, நீ மண்ணு டெஸ்ட் பண்றவதான? இத்த பாத்து சொல்லு."

நான் அம்பத்தூரில் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். மண், கிழங்கு இரண்டையும் பார்த்தேன். இரண்டிலும் ஈயம் இருந்தது. மண்ணில் மிக அதிகம்.

"கையில கட்டத்தானே போறாங்க? துன்னவா போவுது?" என்றார் அப்பா.

"கைக்குழந்தைப்பா. கைய வாயில வெக்காம இருக்குமா?"

 அப்பா போய்ப் பூவம்மாவிடம் சொன்னார்.

"நான் பொறந்து வளந்த மண்ணு இது. எனக்கு இன்னா ஆயிடுச்சி?" என்றார் பூவம்மா. "குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. ஒம் பொண்ணு படிச்சிட்டா, எங்க மண்ணு வெஷமா?"

அப்பா நாட்டுமருந்துக் கடையில் நல்ல வசம்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். அது திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். மதி வாசற்படியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அதில் டேங்க் அடியிலிருந்து அப்போதுதான் பிடுங்கிய ஈரக் கிழங்குத் துண்டுகள். ஒன்று வாய்க்குள் இருந்தது. அப்பா தெருவைக் கடந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"கொயந்த கையில கட்னத அவுக்குறியே, நீ நல்லா இருப்பியா?" பூவம்மாவின் குரலுக்குத் தெரு கூடிவிட்டது.

அப்பா கயிற்றோடு திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தார். டேங்க் அடியில் ஒரு கொத்து விடாமல் பெயர்த்தார். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கொத்து நான் எடுத்துட்டுப் போறேன்ப்பா. தொட்டியில அழகுக்கு வெச்சுக்கறேன்."

"வாணாம். எவனாவது கொயந்தைக்குக் கேப்பான்."

மறுநாள் செங்கல் ஜல்லி கொட்டி, மேலே சிமென்ட் பூசினார். அந்த இடம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

அதன்பிறகு பூவம்மா பேசவில்லை. டேங்க்கில் அப்பா நின்றால் குடத்தோடு திரும்பிப் போவார். அப்பா எனக்கு போனில் சேதி சொல்வார். "இன்னிக்கு கொயந்த குப்புற வுய்ந்துச்சி." எப்படித் தெரியும் என்று கேட்டால், ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்பார். கடைசியில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான். "ரத்தத்துல ஏறியிருக்குமா?"

"ஒரு நாள் கட்டினதுதானேப்பா. ஆனா டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்."

"அவ எடுக்க மாட்டா."

ஐப்பசி மழையில் ஒரு காலை, தூக்கத்திலேயே போய்விட்டார்.

உறவினர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு பூவம்மா வந்தார். இடுப்பில் குழந்தை. உட்காரவில்லை.

"அண்ணன் கடப்பாரைய தூக்கினப்பவே எனக்கு பயம் வந்துடுச்சி. ஆசையா வளத்தத யாரு சும்மா வெட்டுவாங்க? பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி ரத்தம் குடுத்தோம். ஒண்ணும் இல்லன்ட்டாங்க."

"எப்பக்கா?"

"ஆடியில."

 அவரே சொன்னார். "அத்தினி பேர் எதிர்ல கத்திட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்து சொல்றது? நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு…"

ஆடியிலிருந்து ஐப்பசி வரை அப்பா ஜன்னலில்தான் இருந்தார். அதை நான் பூவம்மாவிடம் சொல்லவில்லை.

பூவம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். குழந்தையைத் தூக்கி, படத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அண்ணே," என்றார், டேங்க் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற அதே உரத்த குரலில். "கொயந்த நல்லா கீதுண்ணே."