பூஜைக்கு அணைத்த இரண்டு சர்வர்கள்

ஹுப்பள்ளியில் எங்கள் பால் நிலையத்தின் சர்வர் அறை நாகவேணி ஹொசமனி அக்காவின் பொறுப்பு. எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரியான நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். என் அம்மா அதை இன்னும் நவல்குந்து சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்தால் மற்றது வேலையை ஏற்கும். யார் ஏற்பது என்பதை ஒரு காவல் மென்பொருள் தீர்மானிக்கும். அதனால் இரண்டையும் ஒருசேர அணைத்ததே இல்லை. அந்த ஆயுதபூஜையன்று மேலாளர் பாட்டீல் அணைக்க வைத்தார். குங்குமமிட்டு, சாமந்தி மாலை சார்த்தி, பூசணி உடைத்தார்.

மறுபடி போட்டதும் சர்வர்கள் எழுந்தன. பால் வரவு மென்பொருள் எழவில்லை. இரண்டிலும் தலைதூக்கியது, விழுந்தது. அது ஓடாமல் எடைமேடை திறக்காது. வாசலில் மூன்று டேங்கர்கள், உச்சி வெயில்.

"அக்காரே, பால் கொண்டுவந்தேன், தயிராத்தான் இறக்குவீங்க போல!" என்று ஓர் ஓட்டுநர் கத்தினார்.

பாட்டீலுக்கு வியர்த்தது. "ரெண்டுலயும் கையால தட்டி எழுப்பிவிடும்மா!"

"ரெண்டும் ஒரே டிஸ்க்ல எழுதினா, எந்த ஊர் எவ்வளவு ஊத்துச்சுன்னே தெரியாமப் போயிடும் சார். மாட்டேன்" என்றார் அக்கா.

திரையில் ஓடிய பதிவுகளை அக்கா மேலிருந்து வாசித்துவந்தார். ஒரு வரியில் விரல் நின்றது. முகம் வெளிறியது. தம்பி முறையில் என்னை அழைத்தார்.

"தம்மா, இங்க பாரு. 'மெஷின் எழும்போதே நீயும் எழு'ன்னு ரெண்டு சர்வர்லயும் பால் சாப்ட்வேருக்கு உத்தரவு இருக்கு. காவல்காரன் சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டும் எழுந்துடுது. ஒரே மணையில ரெண்டு மாப்பிள்ளை! அவன் ரெண்டையும் இறக்கிவிடுறான்."

"எவன் போட்டான் அந்த உத்தரவை?" என்றார் பாட்டீல்.

"நான்தான் சார். போன மாசம் புது சாப்ட்வேர் ஏத்தினப்போ, கைப் பழக்கத்துல. அதுக்கப்புறம் எதையும் அணைக்கவே இல்லையே."

"அப்பாடா, மாலை மேல தப்பில்ல!"

அக்கா இரண்டு உத்தரவுகளையும் நீக்கி, காவல் மென்பொருளை மறுபடி பார்க்கச் சொன்னார். ஒரு சர்வரில் மட்டும் பால் வரவு மென்பொருள் எழுந்து, விழாமல் ஓடியது. எடைமேடை திறந்தது. மூன்று டேங்கர் பாலும் சோதனையில் தேறியது; கடைசி டேங்கர் மயிரிழையில்.

பாட்டீல் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. இரண்டு சர்வர்களையும் மறுபடி அணைத்தார்.

"ஓடுறதை ஏம்மா நிறுத்துற!"

"இப்ப ஓடுனது நாம தட்டி எழுப்பினது சார். ராத்திரி கரண்ட் போய் வந்தா யாரு எழுப்புவா?"

வாசலில் அடுத்த டேங்கரின் ஹாரன் கேட்டது. அக்கா மறுபடி சுவிட்சைப் போட்டார். சர்வர்கள் எழுந்தன. ஒன்றில் மென்பொருள் தானாக எழுந்து ஓடியது. மற்றது சும்மா இருந்தது.

அக்கா கை நீட்டினார். "இப்பக் கொடுங்க சார், பஜ்ஜியை."