கைமாறிய குருசு

கொரோனா சமயத்தில் மணப்பாட்டில் என் அண்ணன் இறந்தபோது, பையில் கட்டிய உடலைத் திறக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இறந்தவருக்கு முத்தம் கொடுத்து அடக்கம் செய்வதுதான் எங்கள் வழக்கம். அதனால் கல்லறையில் எல்லோரும் மாஸ்க்கை இறக்கி, உடலுக்குப் பதில், குருசு என்று நாங்கள் சொல்லும் ஒரே சிலுவையைக் கைமாற்றி முத்தமிட்டார்கள். என்னிடம் வந்ததும் நான் மாஸ்க்கை இறக்கவில்லை.

“ஏளா, கூடப்பொறந்தவனுக்கு முத்தம் குடுக்கக்கூட பயமா?” என்றார் அண்ணன் மனைவி, என் மதினி.

நெற்றியில் மட்டும் ஒற்றிவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

சில நாளிலேயே மதினிக்கு மூச்சு முட்டியது. குருசினாலா, கூட்டத்தினாலா, தெரியாது. அவரும் பையில்தான் வந்தார். அன்று குருசை முத்தமிட ஒருவரும் பக்கத்தில் போகவில்லை.

இப்போது எந்தச் சாவுக்குப் போனாலும் குருசை நானே பிடித்துக்கொள்கிறேன். “கும்பிட்டுக்கிடுங்க, வாய் வைக்காதிய” என்கிறேன். திட்டுகிறார்கள். திட்டுவதற்கு அவர்களாவது இருக்கட்டும்.